சீட்டெடுத்த பழக்கம்

சீட்டு எடுத்துக் கொடுத்தால்தான் நெல் என்று ஜோசியர் கூண்டில் வளர்ந்த கிளி பவளம், ஒருநாள் தப்பிப் பறந்து கொய்யா மரத்துக் கூட்டத்தில் சேர்ந்தது. பழக்கம் மட்டும் விடவில்லை. ஓர் இலையைப் பறித்துப் போடாமல் அதற்குச் சாப்பாடு இறங்காது.

“இங்க யாருக்கும்மா ஜோசியம் பாக்கற?” என்றது கூட்டத்துக்கு மூத்த மருதன். “இன்னொரு இலையில வாய் வச்சா வேற மரம் பாத்துக்க.”

பவளத்துக்கு வேறு மரம் தெரியாது. இரண்டு நாள் பட்டினி கிடந்தது. மூன்றாம் நாள் கண்ணில் பட்ட பழமெல்லாம் தீர்ந்து, கூட்டமும் பட்டினி. பசி தாங்காமல் பவளம் ஓர் இலையை இழுத்தது. பின்னால் பழுத்த கொய்யா ஒன்று தொங்கியது. உடனே எல்லாக் கிளிகளும் இலை பறிக்கத் தொடங்கின.

மறுவாரம் வந்த விருந்தாளிக் கிளி, “இது என்னண்ணே கூத்து?” என்று கேட்டது.

“எங்க பாட்டன் காலத்து வழக்கம்,” என்றது மருதன். “சந்தேகம்னா நம்ம பவளத்தக் கேளு.”

வாய் நிறையப் பழத்தோடு பவளம் தலையாட்டியது.