மில்லுச் சுவருக்கு ரெண்டு கட்சி

"யாரைக் கேட்டுய்யா சுண்ணாம்பு வாளியை இறக்கினே? இது எங்க கட்சிச் சுவரு!"

"உங்க கட்சிச் சுவரா? ஏன், உங்க தாத்தா செங்கல் அறுத்துக் கொடுத்தாரா?"

பால் காயறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டானுங்க. என் டீக்கடைக்கு நேர் எதிரே ரைஸ்மில் சுவர். நன்னிலம் ரோட்டுல போற அத்தனை பஸ்ஸுக்கும் தெரியும். எலெக்‌ஷன் வந்தா எந்தக் கட்சிக்காரனுக்குத்தான் நாக்குல எச்சில் ஊறாது?

இந்தப் பக்கம் அரசப்பன், ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர். அந்தப் பக்கம் இராஜாங்கம், எதிர்க்கட்சி. இராஜாங்கம் நிலத்துக்காரன், அரசப்பன் அவனோட குத்தகைக்காரன். குத்தகை நிலத் தகராறுல வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலையறாங்க. சாவு வீட்டுல கூட ஒருத்தன் வந்தா இன்னொருத்தன் எழுந்து போயிடுவான்.

அடிச்சுக்கிட்டுப் போகட்டும், எனக்கென்ன? கூட நாலு டீ போகும். ஆனா அந்தச் சுவர்ல அம்சம் படம் வரைஞ்சுக்கிட்டிருக்காளே, அது அழியப் போகுதேன்னுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

அம்சம் நடவுக்காரி. அவ வயல்ல இறங்கினா மத்தவங்க கையும் தானா வேகமாகும். அப்படிப்பட்டவளுக்கு மூட்டுவாதம் வந்து விரலெல்லாம் கோணிக்கிச்சு. "இது முழுசாத் தீராதும்மா, விரலுக்கு வேலை கொடுத்துக்கிட்டே இரு"ன்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பிட்டாங்க.

"நாத்து முடியைப் பிரிக்கக்கூட வராத விரலுக்கு என்ன வேலை பாய் கொடுக்க?"ன்னு என்கிட்ட வந்து அழுவா. அப்புறம் அழுகையும் நின்னுபோய், பாயை விட்டே எழுந்திரிக்காம கிடந்தா.

ஒரு நாள் வெயில் காய வந்தவ, அடுப்புக்கரியால இந்தச் சுவர்ல சும்மா கிறுக்கினா. குனிஞ்சு நாத்து நடற பொம்பளைங்க, வரிசையா. அவகூட நடவுக்குப் போற பொன்னுத்தாய் பாத்துட்டு, "அடியே, இது என் முதுகுடி!"ன்னு கத்தினா பாருங்க, ரோடே சிரிச்சுது. அம்சமும் சிரிச்சா.

அன்னையிலேர்ந்து பொன்னுத்தாய்தான் அவளைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வருவா. வயலுக்குப் போற பொம்பளைங்க காவியும் நீலப்பொடியும் கரைச்சு வெச்சுட்டு, குச்சியை அவ மணிக்கட்டோட துணியால கட்டி விட்டுட்டுப் போவாங்க. மில்காரர் ஒரு ஸ்டூல் போட்டார். டீ என்னுது. வாய்க்கால், கொக்கு, நண்டுன்னு பாதிச் சுவர் ரொம்பிடுச்சு. "இன்னும் அறுப்பு இருக்கு பாய், களம் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே வலியோட எழுந்து வர்றா. இதை வெள்ளையடிச்சா அவ மறுபடி பாயிலதான் விழுவா. அது இவனுங்களுக்குத் தெரியாதா?

"மேலிடத்து உத்தரவு! சாயந்திரத்துக்குள்ள பஸ் ரோட்டுச் சுவர் பூரா நம்ம சின்னம் வரணும்" - அரசப்பன் கூட டவுன்லேர்ந்து வந்த ஆளு சொன்னான். இராஜாங்கத்தோட வந்தவனும் அதையே சொன்னான்.

"அண்ணே, ஒரு ஓரமா எழுதிக்கங்களேன்" - அம்சம் குச்சி கட்டின கையோட கெஞ்சினா. யாரு காதுல விழுந்துச்சு?

எனக்குப் பொறுக்கலை. "ஏன்யா, நோயாளிப் பொம்பளை சுவருதான் கிடைச்சுதா உங்களுக்கு?"

"பாய், நீங்க டீயை ஆத்துங்க!" ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொன்னானுங்க. மானங்கெட்டவனுங்க, அதுல மட்டும் ஒத்துமை!

வாளி உருண்டுது. இராஜாங்கம் இழுத்த இழுப்புல அரசப்பன் சட்டை டர்ருன்னு கிழிஞ்சுது. கூட்டம் கூடிடுச்சு. போலீஸ் ஜீப்பும் வந்துடுச்சு.

எஸ்.ஐ. லத்தியால வாளியைத் தட்டினார். "தகராறுச் சுவர் இது. எலெக்‌ஷன் முடியற வரைக்கும் எந்தக் கட்சியும் தொடக் கூடாது. மீறினா ரெண்டு பேரையும் தூக்கி உள்ள வெச்சுடுவேன்!"

"ஐயா, அப்ப நானு?" அம்சம் கேட்டா.

"நீ எந்தக் கட்சிம்மா?"

"கட்சியெல்லாம் இல்லீங்க. நடவுக்குப் போறவ."

அவர் படத்தைப் பாத்தார், அவ கையைப் பாத்தார். "நீ வரைம்மா."

அப்பாடா! கூட்டம் கலைஞ்சதும் விறகு எடுக்கக் கடைக்குப் பின்னால போனேன். விறகுக் கட்டு மறைவுல அந்த ரெண்டு பேரும்! அடப்பாவிங்களா, இங்கேயுமான்னு ஓடினேன்.

"சட்டையைப் புடிச்சு இழுக்கறேன்னுதானேய்யா பேச்சு? கிழிக்கறேன்னு சொன்னியா? பொங்கலுக்கு எடுத்தது!"

"கிழிஞ்சதாலதான்யா எஸ்.ஐ. நம்புனாரு."

"என்னய்யா நடக்குது இங்கே?"ன்னேன்.

இராஜாங்கம்தான் சொன்னான். "நான் ஒதுங்கினா இவன் கட்சி எழுதிடும். இவன் ஒதுங்கினா எங்க கட்சி எழுதிடும். தகராறு வந்தாத்தான் பாய் சுவரு தப்பிக்கும்."

"அவ நட்ட நெல்லைத்தானே ரெண்டு வீடும் தின்னோம்"ன்னான் அரசப்பன். "அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. ரோஷக்காரி. தெரிஞ்சா குச்சியைத் தூக்கி எறிஞ்சுடுவா."

"அப்ப நிலத் தகராறு?"

"அது தனி. திங்கக்கிழமை கோர்ட்டுல வெச்சுக்கறேன் இவனை"ன்னான் இராஜாங்கம்.

ரெண்டு பேருக்கும் ஸ்ட்ராங்கா டீ போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில சுவர் மூலையில புதுசா ஒரு படம். ரெண்டு சேவல், கழுத்து மயிர் சிலிர்த்துக்கிட்டு ஒண்ணையொண்ணு கொத்துது. பின்னால பாத்தா ரெண்டு வாலும் சேத்து முடிச்சுப் போட்டிருக்கு.

"என்ன அம்சம், சேவலுக்கு வால்ல முடிச்சு?"

திரும்பாம, காவியைத் தொட்டுக்கிட்டே சிரிச்சா.

"ஒண்ணை விட்டு ஒண்ணு ஓடிடக் கூடாதுல்ல பாய். அடுத்த எலெக்‌ஷனுக்கும் வேணுமே!"