பதினாறு கிலோ

சப்பரம் எனக்குக் கனக்கவே இல்லை.

முப்பது அடி நடந்த பிறகும் மூச்சு சீராக இருந்தது. முட்டி நடுங்கவில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எண்பது பேர் தோள் கொடுத்துச் சுமக்கும் சப்பரம். மேலே சிலுவையோடு இயேசு, கீழே ஊதா அங்கியில் நாங்கள். ஒரு தெருவுக்கு ஒரு கூட்டம். தெருமுனையில் அடுத்த கூட்டம் மாற்றிக்கொள்ளும். எங்கள் ஆன்டிகுவா நகரில் பிறந்தவனுக்கு வருடத்தில் அந்த ஒரு தெருதான் மானம்.

போன தவக்காலத்தில் என் மானம் கப்பலேறியது. பாதித் தெருவிலேயே கால் மடங்கி விழுந்தேன். நாலு பேர் இழுத்து ஓரமாகப் போட்டார்கள். யாரோ கலர் பாட்டிலை வாயில் வைத்து, குழந்தையிடம் சொல்வதுபோல உறிஞ்சச் சொன்னார்கள்.

நான் பஸ் ஓட்டுகிறவன். இருபது வருடம் உட்கார்ந்தே தின்றதில் வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டது. விழுந்த அன்றிலிருந்து பஸ் நிலையத்தில் என் பெயர் மக்காச்சோள மூட்டை. எவாரிஸ்டோ என்று கூப்பிட ஆளில்லை.

மறுவாரமே ஒரு நிஜ மூட்டையை வலது தோளில் ஏற்றிக்கொண்டு சிலுவைக் குன்றில் ஏற ஆரம்பித்தேன். தினமும், விடிந்தும் விடியாமலும். சாப்பாட்டில் எட்டு தோர்த்தியா ரொட்டி இரண்டாயிற்று. கொழுப்பில் வதக்கிய கறுப்பு பீன்ஸைப் பார்த்தும் பார்க்காததுபோல் எழுந்துவிடுவேன்.

பதினாறு கிலோ இறங்கியது. கல்யாணமான புதிதில் நின்றதுபோலச் சட்டையில்லாமல் கண்ணாடி முன்னால் நின்றேன். பார்க்கப் பிடித்திருந்தது.

என் மனைவி ஒடிலியா அங்கியை இரண்டு முறை பிடித்துத் தைத்தாள்.

சுமப்பதற்குப் பெயர் கொடுக்கும் நாளில் தோள் உயரத்தை அளப்பார்கள். ஒரே உயரக்காரர்களை ஒரே கூட்டத்தில் போட்டால்தான் சப்பரத்தின் தண்டு எல்லார் தோளிலும் உட்காரும். அளந்து முடித்ததும், பஸ்ஸுக்கு நேரமாகிறது, உயரமும் கூட்டமும் எழுதிய சீட்டைத் தானே வாங்கி வருவதாகச் சொல்லி ஒடிலியா என்னை அனுப்பிவிட்டாள்.

சீட்டில் என் தோள் போன வருடத்தைவிட ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. தொந்தி போனதும் கூன் நிமிர்ந்திருக்கும் என்று நினைத்தேன். பஸ் நிலையத்தில் அதையும் நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன்.

இன்று என் கூட்டத்தில் எல்லாரும் கொஞ்சம் நெட்டையாகத்தான் தெரிந்தார்கள். செருப்பு உயரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பாண்டுக்காரர்கள் சாவு மெட்டு வாசித்தார்கள். சப்பரம் இடமும் வலமும் ஆடி ஆடி நகர்ந்தது. எங்கள் பக்கம் சாயும்போதெல்லாம் முன்னால் போனவன் முனகினான். என் தோளில் தண்டு லேசாக உரசிவிட்டுப் போயிற்று. குன்று ஏறிய பலன் என்று நினைத்தேன்.

தோள்துணி நழுவியது. சரிசெய்யக் கையைக் கொண்டுபோனேன்.

கை, தண்டுக்கு அடியில் தடையே இல்லாமல் மறுபக்கம் வந்தது.

விரலை வைத்துப் பார்த்தேன். மூன்று விரல் இடைவெளி.

பின்னால் வந்த நெட்டையன் அதைப் பார்த்துவிட்டான். வியர்வை வழியும் முகத்தோடு என் காதருகே குனிந்தான்.

"சும்மா கூட நடந்து வாங்கண்ணே. அளக்கறவர்ட்ட கெஞ்சி ஒடிலியா அக்காதான் உங்கள எங்க கூட்டத்துல போட வச்சாங்க. பாரத்த நாங்க பாத்துக்கறோம்."

பதினோரு மாதம் அந்த மூட்டையோடு நான் வாசலைத் தாண்டியதை அவள் பார்த்திருக்கிறாள். அங்கியைப் பிடித்துத் தைத்ததும் அவள்தான். ஒரு நாள்கூட அவள் என்னை நம்பவில்லை.

நுனிக்காலில் எழும்பினேன். தண்டு தோளில் பட்டது. இரண்டு எட்டு வைப்பதற்குள் சப்பரம் அந்தப் பக்கம் ஆடி, மறுபடி விலகிக்கொண்டது. எல்லாவற்றையும் பழகியவன் நுனிக்காலில் நடக்க மட்டும் பழகவில்லை.

முட்டி, மூச்சு, தோள் எல்லாம் தயாராக இருந்தன. சுமக்கத்தான் எதுவும் இல்லை.

தெருவோரமாக ஒடிலியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு எனக்கு இணையாக நடந்து வந்தாள். கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் நின்றவர்களிடம் என்னைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னாள்.

தெருமுனை இன்னும் வரவில்லை.

நான் தலையைச் சாய்த்து, கழுத்து நரம்பு புடைக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன், அவளுக்காக.