நோய் கேட்ட அமிர்தவல்லி

“தாயே, ஒண்ணு விடாம அம்புட்டுக்கும் நோய் தொத்தணும்!”

மாரியம்மன் சன்னதியில் அமிர்தவல்லி உருகி வேண்டியதைக் கேட்டு, பக்கத்து வீட்டுச் சுகுணாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏக்கா, ஒங்க மக வனிதாவோட மாமியார் வீட்டுக்கா சாபம் விடுறீங்க?”

பதில் சொல்வதற்குள் அமிர்தவல்லியின் செல்போன் அடித்தது.

“அம்மா, எல்லாத்துக்கும் தொத்திருச்சு!” என்று கூவினாள் வனிதா.

ஆனந்தக் கண்ணீரோடு கோயில் வாசல் கடைக்கு ஓடினாள் அமிர்தவல்லி. வேண்டுதல் பலித்தவர்கள் கண், கால் உருவம் பதித்த வெள்ளித் தகடு வாங்கும் கடை அது.

“புழுத் தகடு இருக்குங்களா?”

“புழுவா?” பின்னாலேயே ஓடிவந்த சுகுணா வாயைப் பிளந்தாள்.

“வனிதா காலேஜுல ஆராய்ச்சி பண்றால்ல? உருளைப்புழுவுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிய விட்டுப் பாக்குறா. மூணு மாசமா ஒரு புழுவுக்கும் நோவு வரல. வந்தாத்தானே அவளுக்கு டாக்டர் பட்டம்!”

கடைக்காரர் தட்டைத் துழாவினார். “பாம்புதாங்க இருக்கு.”

“சரி, இருக்கதுலயே பொடிப் பாம்பாப் பாத்துக் குடுங்க.”