மைக் இல்லாத படம்

வெறும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு யாகோப்பு அண்ணையின் ஸ்ரூடியோவுக்குள் நுழைந்தேன்.

அதில் இருந்த படத்தை நேற்று விடியற்காலை ஆமிக்காரர் உருவிக்கொண்டு போனார்கள். படத்தில் இருந்த என் புருசன் வின்சன்றையும் கொண்டு போனார்கள்.

சட்டத்தை மேசையில் போட்டேன். ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகள் சிதறின. சிதறட்டும்.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருசம் குருநகரில் எங்கள் கோயில் பெருநாளுக்குப் போட்ட நாடகத்தில், மேடைக்குப் பக்கவாட்டில் நின்று எடுத்த படம் அது. போர்த்துக்கேயப் பறங்கியர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கதை. மன்னனின் ஆட்கள் நாலு பேர், பறங்கியரிடம் பறித்த துப்பாக்கிகளோடு பற்றைக்குள் பதுங்கி நிற்கிற கட்டம். நாலு பேரில் ஒருவர் வின்சன்ற். பூவரசங் கட்டையில் அந்தத் துப்பாக்கிகளைச் செதுக்கியதும் அவர்தான்.

படம் அந்தக் காலத்துப் படமாகவே இருக்க வேண்டுமென்று யாகோப்பு அண்ணை போட்ட ஆட்டம் கொஞ்சமில்லை. மைக்கை வெட்டினார். ரியூப் லைற்றை வெட்டினார். முன்னால் இருந்த சனத்தை வெட்டினார். வின்சன்றின் கைக்கடிகாரத்தை நெகற்றிவில் பென்சிலால் மறைத்தார். போதாக்குறைக்குப் படத்தைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழுப்பாக்கினார்.

பறங்கி வந்த காலத்தில் கமராவே இல்லையென்று ஒருவராவது இந்த மனுசனுக்கு உறைக்கச் சொல்லியிருக்கலாம்.

கடைசியில் மிஞ்சியது சட்டை போடாத நாலு தாடிக்காரரும் நாலு துப்பாக்கியும். வின்சன்ற் மட்டும் கமராவைப் பார்க்காமல் ஓரக்கண்ணால் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். எதிரி வருவதைக் கண்டுவிட்ட பார்வை என்று யாகோப்பு அண்ணை அதற்கும் பெருமையடித்தார்.

அதை வின்சன்ற் திருவிருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார். ஆமிக்காரருக்கு வேறென்ன வேண்டும்? ஏற்கெனவே இரண்டு தடவை என் தம்பி சிமியோனின் பள்ளிக்கூடப் படத்தைக் காட்டி விசாரித்துவிட்டுப் போன வீடு எங்களுடையது.

கலவரத்தோடு சிமியோன் இயக்கத்துக்குப் போய் இரண்டு வருசம். ஒரு கடுதாசி இல்லை. அம்மாவின் சவ அடக்கத்துக்கும் வராத பிறவி. அவனை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பங்குச் சுவாமி முகாமுக்குப் போய், அது நாடகம் என்று சொல்லிப் பார்த்தார். நாடகமென்றால் மேடை எங்கே, சனம் எங்கே என்று அங்கிருந்த பெரியவன் கேட்டானாம். மேடை தெரிகிற படம் கொண்டுவந்தால் விடுவானாம். இல்லாவிட்டால் நாளைக்குத் தெற்கே காலிப் பக்கத்துத் தடுப்பு முகாமுக்கு ஏற்றிவிடுவானாம். அங்கே ஏற்றப்பட்ட ஒருவர் திரும்பி வந்ததை நான் இன்னும் காணவில்லை.

மரத் துப்பாக்கி கோயில் அறையில்தான் கிடக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனால், என்ன ஏதென்று கேட்க முன்னமே சுட்டுவிடுவார்கள்.

சுவாமி இன்னொன்றும் சொன்னார். வேறு படம் இருக்கிறதா என்று வின்சன்றிடமே கேட்டார்களாம். எடுத்தது அது ஒன்றுதான் என்று வீங்கின வாயால் சாதித்தாராம். விசர் மனுசன். முழுப் படம் யாகோப்பு அண்ணையிடம் இருக்குமென்று குருநகரில் யாருக்குத் தெரியாது?

அந்த யாகோப்பு அண்ணை இப்போது என் முகத்தைப் பார்க்காமல், நெகற்றிவ் பூஞ்சணம் பிடித்துப் பழுதாகிவிட்டதென்றார்.

பொய். ஞானஸ்நானம் முதல் செத்தவீடு வரை எடுத்த எந்த நெகற்றிவையும் எறியாத மனுசன்.

"உங்களுக்கு உங்கடை படத்தின்ரை வடிவு பெரிசு, அண்ணை. என்ரை பிள்ளைக்குத் தகப்பன் வேணும்."

இதை நான் கத்தித்தான் சொன்னேன். தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். உள்ளே இருட்டறைக்குள் என்னைக் கூப்பிட்டார். சிவப்பு விளக்கின் கீழ், பழுதாகாத அந்த நெகற்றிவினூடாக வெளிச்சம் காட்டிய ஒரு வெள்ளைத் தாளைத் தட்டில் இருந்த மருந்துக்குள் அமிழ்த்தி, தட்டை மெல்ல ஆட்டினார்.

முதலில் தாடிகள் வந்தன. பிறகு துப்பாக்கிகள். பிறகு மைக். அதன் அடியில் சோடாப் பெட்டி. அதற்கும் அப்பால் பாயில் இருந்த சனத்தின் தலைகள். மேடை எங்கே என்று கேட்டவனின் மூஞ்சையில் இதை எறிவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மைக் தண்டைப் பிடித்தபடி யாரோ ஒருவன் நின்றான். தலையில் துவாய் சுற்றியிருந்தான். முகம் கடைசியாகத்தான் தெளிந்தது.

சிமியோன்.

எல்லாரும் நாடகம் பார்த்தார்கள். அவன் சனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்த பக்கம் அது. நான் அவனைக் காணவில்லை. வின்சன்ற் கண்டிருக்கிறார். அந்த ஓரக்கண் பார்வை அவனில்தான் போய் நின்றது.

"மைக்கும் லைற்றும் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை, பிள்ளை. உவனை வெட்டச் சொன்னது உன்ரை மனுசன்தான்."

அவனுடைய பள்ளிக்கூடப் படத்தோடு அலைகிறவர்கள் இதைக் கண்டால், ஊருக்குள் வந்து போகிறானென்று அவனுக்கு வலை விரிப்பார்கள். அவனை வெட்டினால் மைக்கும் சனமும் அவனோடு போய்விடும். முகத்தை மட்டும் சுரண்டினால், யாருடைய முகமென்று வின்சன்றிடம்தான் கேட்பார்கள். எப்படிக் கேட்பார்களென்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் வின்சன்றுக்கும் தெரியும். அதனால்தான் எடுத்தது அது ஒன்றுதான் என்று சாதித்திருக்கிறார்.

அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. வந்தும் என்னிடம் வராமல் போனவன்மேல் வந்தது. கண்டும் எனக்குச் சொல்லாதவர்மேல் வந்தது. இரண்டு பேரில் ஒருவரை என் கையாலேயே தெரிந்தெடுக்க வைத்தவர்கள்மேல் வந்த கோபத்தைக் கொட்ட அந்த அறையில் இடம் போதவில்லை.

நெகற்றிவைத் தரச் சொன்னேன். யாகோப்பு அண்ணை எடுத்துத் தந்தார். அதை உள்ளங்கைக்குள் கசக்கிக்கொண்டு, மற்றக் கையால் வெள்ளை விளக்கைப் போட்டேன்.

வெளிச்சம் பட்டதும் தட்டில் படம் கறுக்கத் தொடங்கியது. மைக் போனது. சனம் போனது. சிமியோன் போனான்.

தானும் கறுத்துப் போகும்வரை வின்சன்ற் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.