அங்கவடி

மதியம் வெளியே போன மனைவி பொழுது சாயத் திரும்பி வந்தபோது அவள் நகக்கண்ணில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. எங்கே போய் வருகிறாய் என்று வெல்டர் கேட்டார். தம்பி வீட்டுக்கு என்றாள், கையைப் பின்னால் கொண்டுபோய்.

வெல்டருக்குச் சுருக்கென்றது. அவள் தம்பி சலூன் வைத்திருப்பவன். கத்தி பிடித்துப் பழகிய கை, விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்க்கும் மீசை வரைந்துவிடும். மாமனுக்கும் மைத்துனனுக்கும் பல வருஷமாக ஒரே பித்துதான். பழைய காலத்துப் படைகளை ஈயப் பொம்மையாகச் செய்து, மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூடத்தில் இந்தப் படைகளுக்குக் கண்காட்சி. தேறுகிற ஒரு படை, செய்தவர் பெயரோடு, வாசலில் இருக்கிற கண்ணாடி அலமாரிக்குப் போகும். வெல்டருக்கு அந்த இடம் வேண்டும். எதைத் தொட்டாலும் பாதியில் விடுகிற ஆள் என்று பட்டறையில் அவரை 'அரைக்கிணறு' என்றுதான் கூப்பிடுவார்கள். அலமாரியில் பெயர் ஏறிவிட்டால் ஒரு பயல் வாயைத் திறக்க முடியாது.

பட்டறையில் இயந்திரம் மக்கர் பண்ணியதில் ஒரு வாரம் லீவு கிடைத்தது. இதுதான் சமயம் என்று ரோமானியக் காலாட்படையைக் கையில் எடுத்தார். கேடயத்துக்குக் கோடு போட்டே சலித்துப்போய் வில்லாளிகளுக்குத் தாவினார். வில் வளைகிறதாக இல்லை. அப்புறம் யானை. தும்பிக்கை முடிவதற்குள், படிக்காமல் செய்தால் சரிப்படாது என்று தோன்றி, மலை தாண்டி யானைகளை ஓட்டிப்போன தளபதியைப் பற்றிய தடிப் புத்தகத்தில் விழுந்தார்.

இப்படித் தொட்டு விட்டவை அந்த வீட்டில் எத்தனையோ. விட்டது பிறகு என்ன ஆயிற்று என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

மனைவி மட்டும் வாரம் முழுக்கத் தம்பி வீடே கதி என்று கிடந்தாள். குழம்பு கூட அங்கிருந்துதான் தூக்குவாளியில் வந்தது. பொறுக்கமாட்டாமல் வெல்டர் கேட்டேவிட்டார்.

"உன் தம்பிக்கு எடுபிடிக்கு வேற ஆள் கெடைக்கலையா? நீ போய்ச் சாயம் கொழைக்கிறே."

"உங்களுக்குக் கொழைச்சா, அது காயறதுக்குள்ள நீங்க அடுத்ததுக்குப் போயிடுறீங்க. அவன் உக்காந்தா முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கிறான்."

அவர் புத்தகத்தோடு திரும்பி உட்கார்ந்தார். கட்டினவனை விட்டுவிட்டுக் கூடப்பிறந்தவனுக்குக் கொடி பிடிக்கிறாளே என்று வயிறு எரிந்தது. புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடுதான் போனார். மைத்துனன் அக்காவோடு முன்னாலேயே வந்து நிறுத்திய படை நடு மேசையில் நின்றது. அதே மலை தாண்டிய தளபதியின் குதிரைப்படை. சிவப்பு மேலங்கி ஒவ்வொன்றும் காற்றில் பறப்பதுபோல மடிந்திருந்தது. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். குதிரைகளைத்தான் தாங்க முடியவில்லை. கழுத்தை முறுக்கி, ஒரு காலைத் தூக்கி, இதோ பாய்கிறேன் என்று நின்றன. தன் கைக்கு இப்படி ஒரு குதிரை சாகும்வரை வராது என்று நினைத்தார்.

நூலகர் பூதக்கண்ணாடியோடு மேசை மேசையாகச் சுற்றிவிட்டு அந்தக் குதிரைப்படைக்கே திரும்பி வந்தார். இதுதான் என்றார். வரலாற்றுக்கு ஒட்டாத பிழை ஏதாவது கண்ணில் பட்டால் யாரும் சொல்லலாம், சொன்னது சரியென்றால் படை அலமாரிக்குப் போகாது, பெயரை அப்புறம் அறிவிக்கலாம் என்றார்.

வெல்டர் மேசையில் மூக்கு இடிக்கக் குனிந்தார். தலைக்கவசத்தில் பழுதில்லை. ஈட்டியில் பழுதில்லை. வீரனின் பாதத்துக்குக் கீழே, மெல்லிய கம்பியில் செய்த ஒரு வளையம் தெரிந்தது. புத்தகத்தின் அந்த ஒரு பக்கம் அவர் கண்முன்னால் விரிந்தது.

"சார், அந்தக் காலத்துல குதிரைக்கு அங்கவடியே கெடையாது. காலைத் தொங்கப் போட்டுத்தான் ஓட்டுவாங்க. இங்க பாருங்க, எல்லாக் குதிரைக்கும் கால் வைக்க வளையம் மாட்டியிருக்கு. செஞ்சவன் படிச்சுட்டுச் செஞ்சிருக்கணும்."

நூலகர் உள்ளே போய் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தார். சரிதான் என்றார். குதிரைப்படையை ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, யாரோ ஒருவருடைய வில்லாளிகளை அலமாரிக்கு அனுப்பினார்.

வாரம் பூராவும் எரிந்த வயிறு வெல்டருக்கு அப்போதுதான் குளிர்ந்தது. மைத்துனன் தோளில் கை போட்டு, விடு மாப்ளே, எல்லாருக்கும் எல்லாம் தெரியுமா என்று ஆறுதல்கூடச் சொன்னார்.

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நாங்க மேலங்கியும் சாயமும்தான் மாமா. குதிரை நீங்க எப்பவோ பாதியில விட்டது. வளையம் அப்பவே இருந்துச்சு."

வெல்டருக்குப் பிடிபடவில்லை. மனைவி குதிரைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தபடி, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்க பேர்லதாங்க குடுத்திருந்தோம்."