நூற்றைம்பது மெகாஹெர்ட்ஸ்

"இன்னும் நூத்திமுப்பத்திமூணு மெகாஹெர்ட்ஸ்லயா கம்ப்யூட்டரை ஓட்டிக்கிட்டிருக்கே? வெக்கமா இல்லையாடா? வேகத்தை நூத்தம்பதுக்கு ஏத்து!" என்றான் சில்வியு.

ஹோரியா கம்ப்யூட்டர் முன்னால் தயங்கினான். "புகைஞ்சிடாதா?"

"புகைஞ்சா என்னைக் கேளு. கேம் எல்லாம் பறக்கும் பாரு."

பறக்கத்தான் செய்தது. ஹோரியா கட்டிப்பிடித்து நன்றி சொன்னான்.

சில்வியு ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பழைய மதர்போர்டின் வேகத்தை ஏற்றினால், அதில் சொருகியிருக்கும், இணைப்புக் கேபிள் மாட்டும் நெட்வொர்க் கார்டையும் அது சேர்த்தே விரட்டும். ஹோரியாவின் மலிவு கார்டுக்கு அந்த ஓட்டம் தாங்காது. ஐந்து நிமிடம் ஓடிவிட்டுப் படுத்துவிடும். படுக்கட்டும் என்றுதான் சில்வியு வந்திருந்தான்.

பின்னே என்ன? ருமேனியாவின் கலாட்ஸ் நகரத்தில், அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜன்னல் வழியாகவும் மொட்டைமாடி வழியாகவும் கேபிள் இழுத்து நாற்பது வீடுகளை இணைத்தவன் அவன். எட்டாம் மாடி லவினியாவுக்கு ஆசை ஆசையாக முதல் இணைப்பைக் கொடுத்தவனும் அவன்தான். அவளோ, போன மாதம் மூன்றாம் மாடிக்குக் குடிவந்த ஹோரியாவோடு சாயங்காலம் முழுக்க அரட்டை அடிக்கிறாள். நான் இழுத்த கேபிளில் இவன் காதலிப்பதா? சில்வியுவுக்கு வயிறு எரிந்தது.

மறுநாளே ஹோரியா ஓடிவந்தான். "லைன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் போயிடுதுடா. லவினியா திட்டறா. வேகத்தை ஏத்தினதாலயா?"

"சேச்சே! அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" சில்வியு அவசரமாக மறுத்தான். "எல்லா வீட்டுக் கேபிளும் வந்து சேர்ற சுவிட்ச் பெட்டியிலதான் கோளாறு. உன் கேபிளைப் பிடுங்கி வேற இடத்துல சொருகிப் பாரு."

"பெட்டி எங்க இருக்கு?"

சில்வியு நாக்கைக் கடித்துக்கொண்டான். பெட்டி லவினியா வீட்டுக்குள், வாசலை ஒட்டிய அலமாரியில் இருந்தது. ஆனாலும் கவலையில்லை. அவள் அப்பா டிராம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். இன்றைக்கும் யாரைப் பார்த்தாலும் டிக்கெட் இல்லாதவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். போன வேகத்தில் திரும்பி வருவான்.

"எட்டாம் மாடி. போய்ப் பாரேன்" என்றான் தாராளமாக.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அரட்டைப் பட்டியலில் ஹோரியாவின் பெயர் அணைந்துபோகும். அதைப் பார்ப்பதற்காகவே சில்வியு காப்பியோடு திரை முன்னால் உட்காருவான். அந்தப் பெயர் அணைந்ததும் லவினியாவுக்கு, "என்ன பண்றே?" என்று அனுப்புவான். பதில் வராது. பாவம், வருத்தத்தில் இருக்கிறாள் போலும், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று தேற்றிக்கொள்வான்.

மாடிப்படியில் ஹோரியாவைப் பார்த்தால், "லைன் சரியாச்சா?" என்று அக்கறையாக விசாரிப்பான்.

"எங்கடா! இன்னிக்கும் போச்சு" என்று ஹோரியா முகத்தைத் தொங்கப்போடுவான். அன்றைக்குச் சில்வியுவுக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோரியா தட்டு நிறைய கேக்கோடு வந்து நின்றான்.

"ஒரு உதவிடா. என் வீட்டு இணைப்பை எடுத்துடு. இனிமே எனக்குத் தேவைப்படாது."

சில்வியுவின் மனம் துள்ளியது. "வெறுத்துட்டியா? விடு, எல்லாம் நல்லதுக்குத்தான்."

"வெறுப்பா? வர்ற மாசம் எனக்கும் லவினியாவுக்கும் கல்யாணம்டா! எட்டாம் மாடியிலேயே இருந்துக்கச் சொல்லிட்டார் அவ அப்பா."

சில்வியு கேக் தட்டைத் தள்ளி வைத்தான். "எப்படிடா? உனக்குத்தான் மூணு மாசமா லைனே இல்லையே!"

ஹோரியா அவன் தோளில் கைபோட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நீ அவசரமா மறுத்தப்பவே சந்தேகம் வந்து, அன்னிக்கே வேகத்தைக் குறைச்சுட்டேன், லைன் ஜோராயிடுச்சு. அவ அப்பா, பெட்டியைப் பார்க்க வந்தேன்னு சொன்னா மட்டும்தான் கதவைத் திறக்கறார், அதனால தினமும் ஆறு மணிக்கு என் கேபிளை நானே பிடுங்கிவிட்டுட்டு மேல போயிடுவேன்!"