பிடுங்கப்பட்ட ப்ளக்

"நீங்க செய்யறது உங்களுக்கே நல்லாயிருக்கா அங்கிள்?"

ஞாயிற்றுக்கிழமை காலை. புனே விஷ்ராந்த்வாடியில் ஒரு அபார்ட்மெண்டின் கார் பார்க்கிங். வைஜயந்தி போட்ட சத்தத்தில் இரண்டாம் மாடி வரை ஜன்னல்கள் திறந்துகொண்டன.

எதிரே, பால் பாக்கெட்டும் கையுமாக மேல் வீட்டுக் கல்யாணசுந்தரம். லோஹேகாவ் விமானப் படைத் தளத்தில் பேட்டரிகளோடு முப்பது வருஷம் குப்பை கொட்டி, ஓய்வு பெற்றவர்.

"பத்து நாளா பார்க்கறேன். சாயங்காலம் ஸ்கூல்லேர்ந்து வந்து காரை சார்ஜ்ல போடறேன். காலையில வந்தா ப்ளக் தனியாத் தொங்குது. வாட்ச்மேனைக் கேட்டா, 'மேல் வீட்டு சாஹேப் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிடுங்கிட்டுப் போறார்'ங்கறான். உண்மையா?"

"உண்மைதாம்மா."

அவர் இல்லையென்று மழுப்பியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"வெள்ளிக்கிழமை கரண்ட் போய் எட்டரைக்குத்தான் வந்தது. அன்னிக்கும் ஒன்பதுக்குப் பிடுங்கியிருக்கீங்க. நேத்து ஆளந்தி ரோடு சிக்னல்ல வண்டி படுத்துடுச்சு. ரெண்டு ரிக்ஷாக்காரங்க சிரிச்சுக்கிட்டே தள்ளினாங்க. என் க்ளாஸ் பொண்ணுங்க பஸ் ஸ்டாப்புல நின்னு வேடிக்கை பார்த்துதுங்க!"

"அடடா! வெள்ளிக்கிழமை நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்தேன். கரண்ட் போனது தெரியாது. அது மட்டும் என் தப்புதாம்மா. மன்னிச்சுடு."

'அது மட்டுமா?' வைஜயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் குடியிருப்பிலேயே பெட்ரோல் இல்லாமல் பேட்டரியில் ஓடும் கார் அது ஒன்றுதான். இரண்டாயிரத்து நாலில் புனே முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். போன மாதம் இடி விழுந்து அதன் சார்ஜர் புகைந்துபோனது. கம்பெனியிலிருந்து புதிது வர நாளாகும் என்றார்கள். அவள் கணவன் கேஷவ் மார்க்கெட்டுக்குப் போய் வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பழசு எட்டு மணி நேரம் எடுக்கும். இது மூணே மணி நேரம்!" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை அடித்தான்.

"நம்ம பேட்டரி நாப்பத்தெட்டு வோல்ட்னு புஸ்தகத்துல போட்டிருக்கே. இதுல அறுபதுன்னு இருக்கு?" என்று கேட்டாள் வைஜயந்தி.

"நீ சரித்திர டீச்சர், நான் இன்ஜினீயர். வோல்ட் கூட இருந்தா சீக்கிரம் ஏறும். அவ்வளவுதான்!"

போசரி தொழிற்சாலையில் அவனுக்கு இரண்டாவது ஷிப்ட். வீடு திரும்பப் பதினொன்று ஆகிவிடும். ப்ளக் சமாச்சாரத்தை அவனிடம் சொன்னபோது, "வயசானவர், பொறாமையா இருக்கும். பெரிசு பண்ணாம விட்டுடு" என்று போர்வையை இழுத்துக்கொண்டான்.

இப்போதுகூட, மனைவி ஒற்றை ஆளாகச் சண்டை போட, அவன் கார்க் கண்ணாடியின் ஒரே இடத்தை ஐந்து நிமிஷமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க ஏதாவது கேளுங்களேன்!"

"வந்து... அங்கிள்... போகட்டும் விடு வைஜு."

"விட முடியாது. அடுத்த வீட்டுக்காரங்க ஒரு நல்லது அனுபவிச்சா பொறுக்க முடியலைன்னா, சொசைட்டி மீட்டிங்லயே கேட்கறேன்!"

கல்யாணசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டு படி ஏறப் போனார்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்கூட்டர் உள்ளே நுழைந்தது. பின்சீட்டில் கயிறு கட்டிய பெட்டி.

"கேஷவ் சார்! போசரி ஒர்க்ஷாப் சேவியர். நீங்க அவசரமாக் கேட்ட சார்ஜர் ரெடி!"

கேஷவ் பாய்ந்து போய், "வாங்க, வாங்க, மேல போய்ப் பேசலாம்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

சேவியர் நகரவில்லை. "இருங்க சார். கல்யாணசுந்தரம் சார்ங்கறது யாரு?"

"நான்தான்" என்றார் படியில் நின்றவர்.

"உங்களைப் பார்த்துக் கும்பிடணும்னே நானே நேர்ல கொண்டுவந்தேன் சார். இது பேட்டரி நிரம்பினதும் தானா நின்னுடும். இனிமே நீங்க ஒன்பது மணிக்கு இறங்கி வர வேண்டாம்."

வைஜயந்திக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்றீங்க?"

"நாப்பத்தெட்டு வோல்ட் பேட்டரிக்கு அறுபதுக்கான சார்ஜரைப் போட்டா, நிரம்பின பிறகும் விடாம ஏத்திக்கிட்டே இருக்கும் மேடம். உள்ளே தண்ணி கொதிச்சு, வாயு கிளம்பி, ஒரு சின்னப் பொறி பட்டாலும் வெடிச்சிடும். நீங்க கார்ல ஏறிப் போறீங்க, வர்றீங்கன்னா, நேரத்துக்கு இவர் பிடுங்கினதாலதான்."

அவள் படியருகே ஓடினாள். "அங்கிள்... இத்தனை திட்டினேனே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பால் கெட்டுடும்மா, நான் வரேன்" என்று சிரித்தபடி அவர் விடுவிடுவென்று மாடி ஏறிவிட்டார்.

"அவர் எப்படி மேடம் சொல்வார்?" என்றான் வெள்ளந்தியான சேவியர். "'புது சார்ஜர் வர்ற வரைக்கும் தினமும் நீங்களே பிடுங்கிடுங்க, வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க, என் மானம் போயிடும்'னு கேஷவ் சார்தானே அவர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்!"